ஊதத் தெரிந்தால் போதுமா?

பங்குனி மாதத்து இரவு. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிச் சீமைக்குள் போகும் பாதைகளில் எதில் வேண்டுமானாலும் சற்று நின்று காது கொடுத்துப் பாருங்கள். பகலெல்லாம் நெருப்பாய்க் காய்ந்த கரிசல் மண் அப்பொழுதுதான் ஆறத் தொடங்கியிருக்கும். பருத்தி எடுத்து முடிந்த வெறுங்காடு; கருவேல மரங்கள்; தண்ணீர் வற்றிப்போன கண்மாய்; இவற்றைத் தவிர நிலா வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படுவது வேறொன்றும் இராது. அந்த நிசப்தத்தைக் கிழித்துக்கொண்டு எங்கிருந்தோ நாயனத்தின் ஓசை வந்து காதில் விழும். அது எம்.ரெட்டியபட்டியாய் இருக்கலாம், அதற்கு அடுத்த கிராமமாயும் இருக்கலாம். எங்கோ ஓர் ஊரில் அம்மனுக்குப் பொங்கல் நடக்கிறது, மேளக்காரர் வந்துவிட்டார் என்பது மட்டும் இரண்டு மைலுக்கு அப்பால் நடந்து போகிறவனுக்கும் தெரிந்துவிடும்.

நேயர்கள் சிலர் கேட்கக்கூடும்: "நாயனம் என்றால் இரண்டு மைலுக்குக் கேட்கத்தானே செய்யும்? இதில் என்ன அதிசயம்?" அதிசயம் இருக்கிறது. எல்லா நாயனமும் அப்படிக் கேட்பதில்லை. சங்கீத சபையில் நாம் மெய்மறந்து கேட்கும் நாகஸ்வரத்தை அந்தக் கரிசல் காட்டிற்குக் கொண்டுபோனால், அதே வித்வான் அதே மூச்சைச் செலவழித்து வாசித்தாலும், அவ்வளவு தூரம் போகாது. கரிசல் காட்டு நாயனத்தைச் சபைக்குக் கொண்டு வந்தாலோ, முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டி வரும். ஊதுகிறவர் ஒருவரே ஆனாலும் குழல் வேறு.

ஊதத் தெரிந்தவனுக்கு எந்தக் குழலானால் என்ன என்று நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தவறு. தனக்கு ஏற்ற குழலைத் தேடிக் கண்டுபிடிப்பது, ஊதுவதையே தொழிலாகக் கொண்டவனுடைய வாழ்க்கையில் பாதிக் கதை என்று சொன்னால் மிகையாகாது.

ஒரு மேளக்காரரின் சங்கடம்

இந்தச் சீமையில் ஒரு மேளக்காரரை மனத்தில் வைத்துக்கொள்வோம். அவருக்குப் பெயர் வேண்டியதில்லை. நேயர்கள் தங்கள் ஊரில் கண்ட யாரையாவது நினைத்துக்கொள்ளலாம். பங்குனி, சித்திரை மாதங்களில் அவருக்கு ஓய்வு கிடையாது. இன்றைக்கு ஓர் ஊர், நாளைக்கு வேறோர் ஊர். கரகாட்டத்திற்கு நையாண்டி மேளம் வாசிக்க வேண்டும். பக்கத்தில் தவில் முழங்கும், பம்பை அதிரும், தமுக்கும் தாளமும் சேர்ந்துகொள்ளும். இவ்வளவு முழக்கத்தையும் மீறிக்கொண்டு நாயனம் கேட்டாக வேண்டும். வெட்டவெளியில் நின்றுகொண்டு, விடிய விடிய.

அதே மனிதருக்கு வைகாசியிலும் ஆவணியிலும் கல்யாண வீடுகள். அங்கே ஆட்டம் இல்லை. கூடத்தில் உட்கார்ந்து, பெண் அழைப்புக்கும் முகூர்த்தத்துக்கும் இடையே ஒரு ராகத்தை நிதானமாக ஆலாபனை செய்யலாம். கேட்கிறவர்களில் ரஸிகர் ஒருவராவது இருப்பார். "தோடி வாசியுங்கள், ஐயா" என்று அவர் கேட்டுவிட்டால் மேளக்காரருக்குச் சந்தோஷமும் உண்டாகும். உள்ளூரக் கொஞ்சம் திகிலும் உண்டாகும்.

திகிலுக்குக் காரணம் அவருடைய கையில் இருக்கும் குழல்.

நாகஸ்வரத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று திமிரி; குட்டையானது, ஏறக்குறைய ஒன்றரை அடி நீளம். மற்றது பாரி, நெடியது, இரண்டரை அடிக்குக் குறையாது. குழல் குட்டையானால் சுருதி ஏறும். நீண்டால் சுருதி இறங்கும். ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிப் பார்த்தால் திமிரி நாலு கட்டை, ஐந்து கட்டையில் ஒலிக்கும்; பாரி இரண்டு, இரண்டரைக் கட்டையில் ஒலிக்கும். ஐந்து கட்டை என்பது சாதாரணமாகப் பெண்கள் பாடுகிற சுருதி. இரண்டு கட்டைக்குள் நின்று பாடுவது பெரும்பாலும் ஆண் குரல்.

மனிதச் செவி தாழ்ந்த ஒலியைக் காட்டிலும் உயர்ந்த ஒலியைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். ஆகையால் வெட்டவெளிக்கும் சாமி புறப்பாட்டுக்கும் திமிரிதான் உகந்தது. தேர் நான்கு வீதியும் சுற்றி வருகையில், தேருக்கு முன்னால் வாசிப்பவரின் ஓசை வடம் பிடிக்கும் கடைசி மனிதனுக்கும் எட்ட வேண்டுமல்லவா? நம் முன்னோர் அந்தக் குழலைத் தேர்ந்தெடுத்ததில் அறிவு இருந்தது. ஆனால் அதே குழலில் ஒரு குறையும் இருந்தது.

திரிசங்கு மத்தியமம்

நாகஸ்வரத்தில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழு. அடியில் இன்னும் ஐந்து துளைகள் உண்டு. அவற்றில் விரல் படுவதில்லை. சுருதியையும் நாதத்தையும் சரிப்படுத்துவதற்காக அவற்றை மெழுகால் வேண்டிய அளவுக்கு அடைத்துக்கொள்வார்கள். புல்லாங்குழலில் எப்படியோ அப்படியே இங்கும், துளையைப் பாதி மூடுவதாலும் முக்கால் மூடுவதாலும், மூச்சின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதாலும் கமகங்கள் பிறக்கின்றன.

மத்தியமத்தில் சுத்த மத்தியமம், பிரதி மத்தியமம் என இரண்டு உண்டு. இரண்டுக்கும் இடையே அரை ஸ்வரம்தான் தூரம். சங்கராபரணம், தோடி, கரகரப்பிரியை, ஹரிகாம்போதி முதலிய ராகங்களுக்குச் சுத்த மத்தியமம் வேண்டும். கல்யாணி போன்ற ராகங்களுக்குப் பிரதி மத்தியமம் வேண்டும். பழைய திமிரியில் மத்தியமத் துளையைத் திறந்தால் இரண்டுமல்லாமல் நடுவே ஒரு மத்தியமம் பேசும். சுவர்க்கமும் இல்லாமல் பூலோகமும் இல்லாமல் அந்தரத்தில் நின்றானே திரிசங்கு, அவனுடைய நிலைமைதான். தோடியும் சங்கராபரணமும் வாசிக்கும்போது அந்த ஸ்வரத்தை உதட்டாலும் மூச்சாலும் அழுத்திக் கீழே இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மகா வித்வான்கள் அப்படி இறக்கினார்கள். கேட்பவருக்குக் குறையே தெரியாதபடி இறக்கினார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் குழலோடு மல்யுத்தம் செய்தாக வேண்டியிருந்தது. கற்பனைக்குச் செலவாக வேண்டிய மூச்சு மல்யுத்தத்திற்குச் செலவாயிற்று.

கடல் கடந்த ஒரு கதை

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் உரியதென்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கறுப்பு இனத்து மக்கள் உண்டாக்கிய சங்கீதத்திற்கு ஜாஸ் என்று பெயர். அடிமைத்தளையில் தலைமுறை தலைமுறையாகத் துன்புற்ற ஒரு ஜனசமூகம், விடுதலை பெற்ற பிறகும் அவமதிப்பையே அனுபவித்துக்கொண்டு, உலகம் முழுவதும் தலையாட்டிக் கேட்கும்படியான ஒரு சங்கீதத்தைப் படைத்தது. அதில் ட்ரம்பெட் என்னும் பித்தளைக் குழலுக்குத் தனி ராஜ்யம் உண்டு. நம் ஊர்க் கல்யாண ஊர்வலங்களில் பாண்டு வாத்தியக்காரர்கள் ஊதும் அதே ட்ரம்பெட்தான்.

அந்த ராஜ்யத்தின் சக்கரவர்த்தி லூயி ஆம்ஸ்ட்ராங். 1901-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பரம ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாயிருந்தபோது அடகுக் கடையில் ஐந்து டாலருக்குக் கிடைத்த கார்னெட் என்னும் சிறு குழலே தம்முடைய முதல் வாத்தியம் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தக் கார்னெட்டிலேயே பெரும்புகழ் பெற்ற பிறகும் அவர் திருப்தியடையவில்லை. 1920-களின் நடுவில் அதை விட்டுவிட்டு ட்ரம்பெட்டை எடுத்துக்கொண்டார். கார்னெட் மிருதுவானது, ட்ரம்பெட் பளீரென்று பாய்வது. அவருக்குள் இருந்த சங்கீதத்துக்குப் பாயும் குழல்தான் வேண்டியிருந்தது.

இன்னொருவர் டிஸ்ஸி கில்லெஸ்பி. இவருக்கு ஏற்ற குழல் கிடைத்தது ஒரு விபத்தினால். 1953-ஆம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி, நியூயார்க்கில் இவருடைய மனைவியின் பிறந்த நாள் கொண்டாட்டம். மேடையில் வைத்திருந்த ட்ரம்பெட்டின் மேல் யாரோ விழுந்துவிட்டார்கள். நேராயிருந்த குழலின் வாய் வானத்தைப் பார்க்க வளைந்துபோயிற்று. வேறு யாராக இருந்தாலும் வாத்தியத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கில்லெஸ்பி அதை எடுத்து ஊதிப் பார்த்தார். தம்முடைய ஓசை தம் காதுக்கே முன்னைவிட நன்றாகக் கேட்கிறது என்று கண்டார். பிறகு குழல் செய்யும் கம்பெனியில் சொல்லி, வாய் மேல் நோக்கி நாற்பத்தைந்து பாகை சாய்ந்த ட்ரம்பெட்டையே செய்வித்துக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் அதையே ஊதினார். உலகம் அந்த வளைந்த குழலைப் பார்த்த மாத்திரத்தில் அவரை அடையாளம் கண்டுகொண்டது.

இந்த இரு கதைகளிலும் ஓர் உண்மை உண்டு. நல்ல குழல் எது என்று கடைக்காரன் சொல்ல முடியாது, விலையும் சொல்லாது. ஊதுகிறவனுடைய காது ஒன்றுதான் சொல்லும். அந்தக் காதுக்குள்ளே முன்கூட்டியே ஒரு நாதம் இருக்க வேண்டும்.

அடுத்தடுத்த இரண்டு ஊர்கள்

நம் நாட்டில் அப்படிப்பட்ட காது படைத்த ஒருவர் 1898-ஆம் வருஷம் ஆகஸ்டு 27-ந் தேதி பிறந்தார். அவர்தான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. நாகஸ்வரச் சக்கரவர்த்தி என்று தமிழுலகம் அவரை அழைத்தது. அவர் முதலில் கற்றுக்கொண்டது வாய்ப்பாட்டு. நாகஸ்வரம் பின்னால் வந்தது. இது சின்ன விஷயமல்ல. குழலைக் கையில் எடுக்கும் முன்பே ஆண் குரலின் கம்பீரமும் குழைவும் அவர் செவியில் குடியேறியிருந்தன. குழல் தம்மைப் போலப் பாட வேண்டும் என்பது அவர் மனத்தில் வேரூன்றிய எண்ணம்.

திமிரி அப்படிப் பாடுவதற்கு இடம் கொடுக்கவில்லை. நெடிய பாரிதான் அந்தக் கம்பீரத்துக்கு இடம் தந்தது. நாகஸ்வரத்திற்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிற பழைய வழக்கத்திற்குப் பதிலாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டார் ராஜரத்தினம் பிள்ளை. தம்புராவோடு இழைய வேண்டுமானால் நாதம் தாழ்ந்தும் நிறைந்தும் இருக்க வேண்டும். பாரி அதற்கு இணங்கியது. ஆனால் வெறுமனே குழலை நீட்டிவிட்டால் மட்டும் மத்தியமம் தானாகச் சரிப்பட்டுவிடாது. துளை எங்கே விழ வேண்டும், எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், உள்ளே கடைசல் எப்படி விரிய வேண்டும் என்பதெல்லாம் கணக்கு. அந்தக் கணக்கைப் போட வித்வானால் முடியாது. அதற்கு ஓர் ஆசாரி வேண்டும்.

தெய்வாதீனமாக அந்த ஆசாரி அண்டை ஊரிலேயே இருந்தார். கும்பகோணத்திலிருந்து மாயவரம் செல்லும் வழியில், ஆடுதுறைக்குப் பக்கத்தில், நரசிங்கம்பேட்டை என்று ஒரு சிற்றூர். திருவாவடுதுறை அங்கிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். நாகஸ்வரம் செய்வதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட விசுவகர்மக் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அவர்களில் ரங்கநாதன் ஆசாரி என்பவர், பல முறை கடைந்தும் துளைத்தும் சோதித்தும், சுத்த மத்தியமம் சுத்தமாகவே பேசும் பாரி நாயனத்தைச் செய்து முடித்தார். அதை எடுத்து வாசித்து உலகம் ஒப்புக்கொள்ளும்படி செய்தவர் ராஜரத்தினம் பிள்ளை.

அன்று தொட்டுச் சபைகளிலும் கல்யாணங்களிலும் பாரியே ஆட்சி செய்து வருகிறது. ராஜரத்தினம் பிள்ளை என்றால் தோடி, தோடி என்றால் ராஜரத்தினம் பிள்ளை என்று ரஸிகர்கள் இன்றும் சொல்லுகிறார்கள். அந்தத் தோடிக்கு வேண்டியது சுத்த மத்தியமம் என்பதை நினைத்துப் பாருங்கள். அவர் திமிரியிலும் தோடி வாசித்தவர்தாம். மேதைக்கு எந்தக் குழலும் பணிந்துபோகும். ஆனால் அவருக்குப் பின் வந்த ஆயிரம் பேர் மல்யுத்தமின்றித் தோடி வாசிக்க வழி பிறந்தது நரசிங்கம்பேட்டைப் பட்டறையில்தான்.

1947 ஆகஸ்டு 14-ந் தேதி இரவு டில்லியில், திருவாவடுதுறை ஆதீனத்திலிருந்து கொண்டுபோன செங்கோலைப் பண்டித நேருவிடம் அளித்தபோது மங்கள இசை வாசித்தவரும் ராஜரத்தினம் பிள்ளையே. பாரத தேசம் விடுதலை பெற்ற வேளையில் டில்லியில் தமிழ்நாட்டு நாயனம் முழங்கிற்று என்பதில் நாம் எல்லோரும் பெருமை கொள்கிறோம். ஆனால் அதற்கு முன் அந்தக் கலைஞர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதையும் மறந்துவிடலாகாது. நாகஸ்வரக்காரர் மேடையில் உட்காரலாகாது. நின்றும் நடந்தும்தான் வாசிக்க வேண்டும். மேல் சட்டை கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு இருந்தது. ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்துக்கொண்டார், கோட்டுப் போட்டுக்கொண்டார், மேடை போட்டால்தான் வாசிப்பேன் என்றார். கர்வி என்று சிலர் ஏசினார்கள். தமக்கு ஏற்ற குழலைத் தேடிய அதே மனம்தான் தம் கலைக்கு ஏற்ற ஆசனத்தையும் தேடிற்று. 1956-ஆம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி அவர் மறைந்தபோது, அவருக்குப் பின் வந்தவர்களுக்கு நல்ல குழலும் இருந்தது. உட்கார மேடையும் இருந்தது.

மரமும் நாணலும்

நல்ல நாயனம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ள நேயர்களுக்கு ஆவல் இருக்கும்.

குழலுக்கு உலவு என்று பெயர். அதை ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். புதிதாய் வெட்டிய மரம் உதவாது. அதில் ஈரம் இருக்கும். காய்ந்தால் சுருங்கும், வெடிக்கும். மயிரிழை சுருங்கினாலும் சுருதி போய்விடும். ஆகவே பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூணையும் உத்தரத்தையும் தேடி வாங்குகிறார்கள். மூன்று நான்கு தலைமுறைகளின் வெயிலையும் மழையையும் கூரையடியில் இருந்து பார்த்துவிட்ட மரம் இனிமேல் அசையாது. நம் பாட்டனார் சாய்ந்து உட்கார்ந்திருந்த தூண், பேரன் கல்யாணத்தில் நாயனமாகிப் பேசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

அந்தக் கட்டையைக் கடைசல் பட்டறையில் உருட்டி, நீண்ட இரும்புத் துளையூசிகளால் உள்ளே குடைகிறார்கள். மேலே குறுகி, கீழே போகப் போக விரியும்படி குடைய வேண்டும். அப்படிக் கூம்பாகக் குடைவதில்தான் தொழிலின் ரகசியம் இருக்கிறது. பிறகு துளைகள். பிறகு கீழே அணசு என்னும் விரிந்த வாய். மேலே கெண்டை என்னும் சிறு உலோகக் குழாய். அதன் மேல் சீவாளி.

சீவாளி கொறுக்கைத் தட்டையில் செய்வது. காவேரிப் பாய்ச்சலில் வளரும் ஒருவகை நாணல் அது. அதை அறுத்து, அவித்து, உலர்த்தி, பக்குவம் வரும் வரை வைத்திருந்து, பிறகு நறுக்கிக் கட்டுகிறார்கள். திருவாவடுதுறைச் சீவாளிக்குப் பெயர் உண்டு. ட்ரம்பெட்டில் உதடு வைக்கும் பகுதி உலோகம். ஒரு முறை வாங்கினால் ஆயுள் முழுவதும் உழைக்கும். சீவாளியோ நாணல், இன்றைக்குத் தேனாய்ப் பேசும், நாளைக்கு முரண்டு பிடிக்கும். அதனால்தான் நாகஸ்வரத்தில் கொத்தாகச் சீவாளிகளும் ஓர் ஊசியும் கட்டித் தொங்குகின்றன. நம்மில் பலர் அவற்றை அலங்காரம் என்று நினைக்கிறோம். அலங்காரமல்ல, அது வித்வானுடைய ஆயுதசாலை. ராகத்தின் நடுவே ஒரு சீவாளி மக்கர் செய்தால், கூட வாசிப்பவர் இழையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, இவர் அடுத்த சீவாளியை எடுத்து உதட்டில் நனைத்துப் பொருத்திக்கொள்வார். கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது.

பொன்னால் போர்த்த நாயனங்களும் வெள்ளி நாயனங்களும் ராஜாக்களும் தனவான்களும் பரிசளித்திருக்கிறார்கள். கும்பகோணம் கும்பேசுவரர் கோயிலிலும் ஆழ்வார்திருநகரியிலும் கல்லில் செய்த நாகஸ்வரங்கள் இருக்கின்றன. சிற்பியின் திறமைக்கு அவை அத்தாட்சி. ஆனால் தினந்தோறும் வாசிக்க வேண்டும் என்றால் பொன்னும் கல்லும் உதவா; பழைய ஆச்சா மரம்தான் வேண்டும்.

2022-ஆம் வருஷம் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சிப் பட்டுப் போல, இன்ன ஊரில் இன்னாரால் செய்யப்படுவது என்று சர்க்கார் முத்திரை வைத்துவிட்டார்கள். சந்தோஷமான செய்திதான். ஆனால் முத்திரை மரம் தராது. பழைய ஆச்சாத் தூண்கள் கிடைப்பது வர வரக் கடினமாகி வருகிறது.

வாத்தியம் மாறிய கதையும், மாறாத கதையும்

தமக்கு ஏற்ற குழலை அந்நிய தேசத்து வாத்தியத்திலேயே கண்டுகொண்டவரும் நம்மிடையே உண்டு. தென் கன்னடத்தைச் சேர்ந்த கத்ரி கோபால்நாத், 1949-ல் நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவர். மைசூர் அரண்மனைப் பாண்டில் சாக்ஸபோன் என்னும் வாத்தியத்தைச் சிறு வயதில் கேட்டு அதில் மனத்தைப் பறிகொடுத்தார். ஜாஸ் சங்கீதத்திற்கென்றே பிறந்தது போன்ற அந்த வாத்தியத்தில் நம்முடைய கமகங்களை வரவழைப்பதற்கு, அதன் உறுப்புகளைத் தமக்கு வேண்டியபடி மாற்றி, பல ஆண்டுகள் பாடுபட்டார். 1980-ல் பம்பாயில் நடந்த ஜாஸ் விழாவில் அமெரிக்க வித்வான் ஜான் ஹாண்டி அவர் வாசிப்பைக் கேட்டு மயங்கி, தாமும் சேர்ந்து வாசித்தார். 2019-ல் காலமாகும் வரை கோபால்நாத் அந்தக் குழலில் கர்நாடக சங்கீதத்தைத் தவிர வேறொன்றுக்கும் முதலிடம் தரவில்லை. நூற்றுக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வந்த வயலினை நம் முன்னோர் எப்படித் தமதாக்கிக்கொண்டார்களோ அப்படியே இதுவும் நடந்தது. தேசாபிமானம் என்பது அந்நியக் குழலைத் தொடாதிருப்பதல்ல. எந்தக் குழலைத் தொட்டாலும் நம் ராகத்தை மறவாதிருப்பது.

மாறாமலே வென்றவர் காருகுறிச்சி அருணாசலம். 1921-ல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, ராஜரத்தினம் பிள்ளையிடம் சீடராய் இருந்து, குருவின் பாரியையே தமது குரலாக்கிக்கொண்டவர். 1962-ல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய நாகஸ்வரம் போட்டியிட்டுப் பாய்ந்ததைக் கேட்காத தமிழர் வீடு இல்லை. அவர் குடியிருந்தது கோவில்பட்டியில். காவேரிக் கரையல்ல, நம்முடைய கரிசல் சீமையேதான். 1964-ல், நடு வயதிலேயே, அவர் மறைந்தார். தஞ்சாவூரில் பிறந்த குழலுக்கு வறண்ட பூமியிலும் வேர் பிடிக்கும் என்பதை அவர் நிரூபித்துவிட்டுப் போனார்.

எது ஏற்ற குழல்?

இனி நம்முடைய கரிசல் காட்டு மேளக்காரரிடம் திரும்பி வருவோம். அவருக்கு ஏற்ற குழல் எது? பாரியா, திமிரியா?

'பாரிதான் உயர்ந்தது, திமிரி கிராமாந்தரத்திற்கு' என்று பட்டணத்தில் இருந்துகொண்டு தீர்ப்புச் சொல்லிவிடுவது சுலபம். அந்தத் தீர்ப்பு நியாயமல்ல. கரகம் தலையில் நிற்க, கால் தவிலோடு பேச, ஊரே சுற்றி நிற்கும் நள்ளிரவில் பாரியைக் கொண்டுபோய் ஊதினால் அது தவிலில் மூழ்கிப்போகும். அங்கே திமிரிதான் ராஜா. அதன் கூரிய ஓசை இல்லாவிட்டால் ஆட்டமும் இல்லை, திருவிழாவும் இல்லை. கல்யாணக் கூடத்தில் தோடிக்கு ஆசைப்படும் ரஸிகருக்கோ பாரி வேண்டும். ஆகவே அவருக்கு ஒன்றல்ல, இரண்டு குழல் வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிச் சீவாளி, தனித்தனி விரல் விரிப்பு, தனித்தனி மூச்சு. திமிரியில் நெருங்கி நின்று பழகிய விரல்கள் பாரியில் எட்டி எட்டிப் போக வேண்டும். ஒரே மனிதர் இரண்டு வாத்தியக்காரராய் வாழ வேண்டும்.

வருஷத்தில் சில மாதங்களே சம்பாத்தியம் உள்ள ஒருவருக்கு இது எளிய காரியமா? வானம் பொய்த்த வருஷங்களில் ஊர்ப் பொங்கலே சுருங்கிவிடும். பொங்கல் சுருங்கினால் முதலில் சுருங்குவது மேளக்காரர் சம்பளம். இருக்கிற ஒரு குழலையே மெழுகு வைத்தும் நூல் சுற்றியும் காப்பாற்றிக்கொண்டு, திரிசங்கு மத்தியமத்தோடு மல்யுத்தம் செய்துகொண்டு, தோடி கேட்ட ரஸிகரின் முகத்தைப் பார்க்கக் கூசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். திறமைக் குறைவு என்று நாம் நினைப்பது பல சமயம் குழலின் குறைதான்.

கில்லெஸ்பி விரும்பினார், கம்பெனி செய்து கொடுத்தது. ராஜரத்தினம் பிள்ளை விரும்பினார். ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்தார். எம்.ரெட்டியபட்டிப் பக்கத்து மேளக்காரர் விரும்பினால் செய்து கொடுக்க வேண்டியது யார்? பட்டறை இருக்கிறது, ஆசாரி இருக்கிறார். நடுவில் இருக்க வேண்டியவர்கள், நேயர்களே, நாம்தான்.

கல்யாணத்திற்குப் பந்தலுக்கும் விளக்குக்கும் பட்டுக்கும் நாம் கணக்குப் பார்ப்பதில்லை. மேளத்துக்கு வந்தால்தான் பேரம் பேசுகிறோம். சில வீடுகளில் இசைத்தட்டோடு முகூர்த்தம் முடிந்துவிடுகிறது. அந்த இசைத்தட்டில் பேசுகிற குழலும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு வீட்டுத் தூணாய் இருந்ததுதான். யாரோ ஒரு புரவலர் கொடுத்த சம்பளத்தில் வாங்கியதுதான். அந்தப் புரவலர்கள் பேரம் பேசியிருந்தால் இன்று இசைத்தட்டும் இராது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அடுத்த கல்யாணம் நடக்கும்போது மேளக்காரரை உட்கார வைத்து, சுருதி சேர்க்க அவகாசம் கொடுங்கள். அவர் சீவாளியை நனைத்துப் பொருத்தி, குழலைத் தட்டிப் பார்த்து, முதல் ஸட்ஜத்தைப் பிடிக்கிற அந்த இரண்டு நிமிஷமும் பேசாமல் இருங்கள். பழைய வீட்டை இடிப்பவர்கள், ஆச்சாத் தூண் இருந்தால் அதை விறகுக்குத் தள்ளாமல் நரசிங்கம்பேட்டைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சம்பளத்தை எண்ணிக் கொடுக்கும்போது, "குழல் எப்படி இருக்கிறது, ஐயா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அவர் பதில் சொல்லத் தொடங்கினால் முகூர்த்த நேரம் தப்பிவிடலாம். பாதகமில்லை. அத்தனை காலமாய் அவரை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை.